அப்பாவின் ஆர்டி 350: பழையபடி கட்டுவதா, மாற்றிக் கட்டுவதா, விற்றுவிட்டு இன்டர்செப்டர் வாங்குவதா?

வில்லிவாக்கத்தில் அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே பதினோரு வருஷமாக ஒரு வண்டி தார்ப்பாய்க்குள் நிற்கிறது. 1986-ல் வாங்கிய ராஜ்தூத் 350, எல்லோரும் ஆர்டி என்று சொல்வது, அதில் சக்தி குறைத்த எல்.டி. ரகம். அத்தான் தவறியதிலிருந்து அதை யாரும் உதைத்ததில்லை. போன மாதம் அக்கா மகன் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அப்பா வண்டிய எடுக்கலாம்னு இருக்கேன். இருந்த மாதிரியே பண்றதா, இல்ல சேம்பர், டிஸ்க்கெல்லாம் போட்டு செமையா பண்ணிடலாமா? ஆபீஸ்ல பசங்க, வித்துட்டு ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் எடுடாங்கிறாங்க."

"உதைச்சு கிதைச்சுப் பாத்தியா?"

"இன்னும் இல்ல மாமா."

"நல்லவேளை. உதைக்காத."

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இதே மாதிரி வண்டியை வைத்துக்கொண்டு சென்னையில் பல வீடுகள் இருக்கின்றன.

முதலில் வண்டியைப் பற்றி. யமஹாவின் ஆர்டி 350பி மாடலை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1983-ல் ராஜ்தூத் பெயரில் இங்கே இறக்கியது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானில் 39 பிஎச்பி கொடுத்த என்ஜினை நம் ஊர் மைலேஜ் கவலைக்காக அடக்கினார்கள். முதலில் வந்த ஹெச்.டி. (ஹை டார்க்) 30.5 பிஎச்பி, பிறகு வந்த எல்.டி. (லோ டார்க்) 27. முன்சக்கர டிஸ்க் பிரேக்கையும் எடுத்துவிட்டு டிரம் பொருத்தினார்கள். அப்படி அடக்கியும் லிட்டருக்கு இருபதோ இருபத்தைந்தோ தான் ஓடும். எண்பதுகளில் ஒரு குடும்பஸ்தனுக்கு அது கட்டுப்படியாகாத வண்டி. விற்பனை படுத்தது, அந்தப் பத்தாண்டு முடியும்போது தயாரிப்பும் நின்றது.

இன்றைய கணக்கில் 27 பிஎச்பி பெரிய விஷயமே இல்லை, ஒரு நல்ல 250 சிசி வண்டியே அதைத் தாண்டிவிடும். ஆனால் அன்று பக்கத்தில் நின்ற வண்டிகளைப் பாருங்கள். திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350-க்கு 18 பிஎச்பி. 1985-ல் வந்து ஊரையே கலக்கிய ஆர்எக்ஸ் 100-க்கு 11. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலம் அது. ஆர்டி கிளம்பினால் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று வரை சாதுவாக இருக்கும் வண்டி, அதைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல் பாயும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும், சைலன்சருக்குள் போய் வரும் அழுத்த அலையும் அந்த வேகத்தில்தான் கை கொடுக்கும், அதனால்தான் அந்தப் பாய்ச்சல். அதை ஒருமுறை உணர்ந்தவனுக்கு வேறு வண்டியில் அதே வேகம் கிடைத்தாலும் மனசு நிறையாது. இந்த ஈர்ப்பை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன். முப்பது வருஷமாக நானும் அதில்தான் இருக்கிறேன்.

இனி மூன்று வழிகள்.

விற்றுவிட்டுப் புதுசு வாங்குவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்டர்செப்டர் 650 நல்ல வண்டி. 2018 நவம்பரில் நம் ஊரில் விற்பனைக்கு வந்தது, நம் சென்னையை ஒட்டித்தான் தயாராகிறது. 648 சிசி, இரண்டு சிலிண்டர், 47 பிஎச்பி, இரு சக்கரத்திலும் ஏபிஎஸ். செல்ஃப் பட்டனை அழுத்தினால் கிளம்பும், மழையிலும் பிரேக் பிடித்தால் நிற்கும். சைலன்சர், சீட், ஹேண்டில்பார் என்று மாற்றிப் போட எல்லாம் கடையிலேயே கிடைக்கும். 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மகனுக்கு சிறுசேரியில் வேலை. தினமும் ஓஎம்ஆரில் போய் வர ஒரு வண்டி வேண்டும் என்பது கேள்வியானால் பதில் இன்டர்செப்டர்தான், அல்லது அதைவிடச் சின்னதாக ஒன்று. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற பாதையில் காற்றால் மட்டும் குளிரும் டூ ஸ்ட்ரோக்கைத் தினமும் வதைப்பது பாவம். ஆனால் அதற்காக ஆர்டியை ஏன் விற்க வேண்டும்? ஆர்டி இன்று லட்சங்களில் பேசப்படுகிறது என்பது உண்மை. விற்ற பிறகு மனசு மாறித் திரும்ப வாங்கப் போனால் அதே நிலையில் இன்னொன்று கிடைக்காது என்பதும் உண்மை. பேப்பர் சரியாக, என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிற, ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். அத்தானுடையது அப்படிப்பட்டது. பணத்துக்கு முடை இல்லாதவரை விற்பது என் யோசனை அல்ல.

மாற்றிக் கட்டுவது

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆசை முழுக்க இங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் இங்கேதான்.

மாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, போல்ட்டைக் கழற்றிப் பழசை டப்பாவில் வைத்துவிட்டுப் புதுசை மாட்டுவது. இன்னொன்று, உலோகத்தை வெட்டுவது, குடைவது, அறுத்து வெல்டு வைப்பது. முதலாவது பிடிக்கவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி ஆக்கிவிடலாம். இரண்டாவதற்குத் திரும்பும் வழி கிடையாது.

1999-ல் எனக்கு ஒரு ஹெச்.டி. இருந்தது. நகரத்தில் நல்ல பெயர் உள்ள ஒரு பட்டறையில் போர்ட்டிங் செய்ய, அதாவது சிலிண்டரில் கலவையும் புகையும் போகிற வாய்களைக் குடைய, கொடுத்தேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பைக் கிரைண்டரால் உயர்த்தி, பக்கவாட்டில் அகலப்படுத்திக் கொடுத்தார்கள். முதல் மாதம் சொர்க்கம். ஈசிஆரில் ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால் வண்டி பறந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் நுழைந்தாலோ ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை பிளக் நனைந்து நின்றது. கீழ்வேகத்தில் இருந்த இழுவையை அந்தக் கிரைண்டர் தின்றுவிட்டிருந்தது. அடுத்த வருஷம் அகலமான போர்ட்டில் பிஸ்டன் ரிங் பிதுங்கி மாட்டி உடைந்தது. உடைந்த துண்டு சிலிண்டரைக் கோடு கோடாகக் கிழித்துவிட்டது. அதே சிலிண்டர் தேடிப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் எட்டு மாதம் அலைந்தேன். கிடைத்தது எல்.டி. சிலிண்டர். அந்த வண்டி அதற்குப் பிறகு ஹெச்.டி.யாக இருக்கவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் வயிறு பிசைகிறது.

சிலிண்டரின் கணக்கு இதுதான். கம்பெனியில் இருந்து வரும்போது போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 64 மி.மீ. ஒவ்வொரு முறை தேய்ந்தோ பிஸ்டன் இறுகிச் சிக்கி சீஸ் ஆகியோ லேத்தில் போர் போடும்போது கால் மில்லிமீட்டர் ஏறும்: 64.25, 64.50, 64.75, 65. அவ்வளவுதான். நான்கு ஓவர்சைஸ் முடிந்ததும் உள்ளே புது இரும்புக் குழாய் இறக்கி ஸ்லீவ் அடிக்கிற நிலைக்கு வந்துவிடும். நாற்பது வருஷ வண்டியில் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் அதன் ஆயுள். சைலன்சரையோ கார்புரேட்டரையோ மாற்றி மாற்றி விளையாடலாம், இந்த இரும்பில் மட்டும் யாரையும் கை வைக்க விடக் கூடாது.

சேம்பர் கேட்டானே, அதற்கு வருகிறேன். எக்ஸ்பான்ஷன் சேம்பர் வெறும் சத்தக் குழாய் இல்லை. சிலிண்டரிலிருந்து வெளியேறும் அழுத்த அலை அதன் பின்பக்கக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே தப்பப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அலை போய்த் திரும்பும் நேரமும் போர்ட் மூடும் நேரமும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே ஒத்துப்போகும். அந்த வேகத்தில் அபார சக்தி, மற்ற இடங்களில் பழைய சைலன்சரைவிட மோசம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் எப்போதும் மேல்வேகத்தில் ஓட்டுகிறவனுக்கு அது வரம். அண்ணா சாலையில் இரண்டாவது கியரில் ஊர்கிறவனுக்கு அது எதற்கு? சேம்பரை மாட்டிவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிகும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். கூம்பு வடிவ ஏர் ஃபில்டரைப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் இருக்கிறது. சத்தமும் புகையும் அளவு மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகும். சட்டத்தை விடுங்கள், ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் சேம்பரை அலற விடுகிறவர்களால்தான் டூ ஸ்ட்ரோக் என்றாலே ஊர் முகம் சுளிக்கிறது. அந்தக் கோபம் எனக்கு உண்டு.

சேசிஸை அறுத்துப் பழைய ரேஸ் வண்டி தோற்றத்தில் கஃபே ரேசர் ஆக்குவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஆர்டியின் டாங்கும் சீட்டும் போகிற கோட்டை வரைந்தவனுக்கு நம்மைவிடக் கண் உண்டு.

இருந்தபடி கட்டுவது

பழையபடி கட்டுவது எளிது என்று நினைத்தால் தவறு. பதினோரு வருஷம் நின்ற ஆர்டியில் முதலில் செத்திருப்பது, பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் தண்டின் ரப்பர் ஆயில் சீல்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ் வழியாகத்தான் கலவை மேலே போகிறது, அதனால் சீல் காய்ந்தால் என்ஜினே கெடும். இடது பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும், கலவை லீன் ஆகி இடது பிஸ்டன் சீஸ் ஆகும். வலது பக்கம் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், வெள்ளைப் புகை கக்கும், கியர்பாக்ஸில் ஆயில் மாயமாகும். அவனை உதைக்காதே என்று சொன்னது இதனால்தான். ஆசையில் ஒரு உதை, என்ஜின் பிடித்துக்கொண்டு நாலு நிமிஷம் ஓடும், அதில் ஒரு போர் அளவு இரும்பு போய்விடும்.

கிராங்கைக் கழற்றி பேரிங், கனெக்டிங் ராட், சீல் எல்லாம் புதுசாகப் போட்டு, அழுத்திச் சேர்த்து, டயல் கேஜ் வைத்து நேர் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். சென்னையில் அப்படிப்பட்ட கைகள் இன்னும் இருக்கின்றன, ராயப்பேட்டைப் பக்கம் எனக்கு ஒரு பாய் இருக்கிறார். அவர் சாமான் வாங்கும்போது சொல்லும் விதி ஒன்று: "டப்பாவப் பாத்து வாங்காதீங்க சார், சாமானக் கையில எடுத்துப் பாத்து வாங்குங்க." யமஹா பெயர் அச்சிட்ட டப்பாவுக்குள் எதுவும் இருக்கலாம்.

இருந்தபடி வைத்திருப்பதில் பலர் யோசிக்காத ஒரு லாபம் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வயதைத் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால்தான் அந்தத் தகுதி. தினமும் ஓட்ட அந்தப் பதிவு உதவாது, கண்காட்சிக்கும் ரேலிக்கும்தான். அத்தானின் வண்டிக்கு 2036-ல் ஐம்பது. இன்று சேசிஸை அறுத்தால் அந்தக் கதவும் அன்றே மூடிவிடும்.

ஆனால் எதையுமே மாற்றாதே என்று சொல்கிற சுத்த சைவனும் நான் இல்லை. 1986-ல் இருந்த பெட்ரோல் இன்று இல்லை. இப்போது பங்க்கில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் வாஷர், டாங்க் காக் சீல் எல்லாவற்றையும் அது ஊற வைத்துக் கெடுக்கும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை லீன் ஆகிறது, மெயின் ஜெட்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். நம் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், தண்ணீர் பிரிந்து டாங்க் அடியில் தங்கினால் துரு. இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவதே நல்லது.

இக்னிஷன் அடுத்தது. ஸ்பார்க்கை வரவழைக்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காண்டாக்ட் பாயின்ட். பிஸ்டன் உச்சிக்குச் சுமார் 2 மி.மீ. இருக்கும்போது ஸ்பார்க் வர வேண்டும், இரண்டிலும் ஒரே மாதிரி. பாயின்ட் தேயத் தேய இது நழுவும், ஒன்று முந்தும், மற்றது பிந்தும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் ஒன்று மாட்டினால் அந்தத் தொல்லை போகும். எதையும் வெட்டாமல் மாட்டலாம், பழைய பாயின்ட் தட்டை டப்பாவில் வைக்கலாம். எனக்குத் தெரிந்து ஆர்டிக்குச் செய்கிற செலவில் இதைவிட நல்ல செலவு இல்லை.

என்ஜினுக்குத் தானாக ஆயில் விடும் ஆட்டோலூப் பம்ப்பை மூடிவிட்டுப் பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஓட்டச் சொல்வார்கள். பம்ப்பைப் பராமரிக்கத் தெரியாத காலத்தில் வந்த பழக்கம் அது. அந்தப் பம்ப் என்ஜின் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் திறப்பையும் சேர்த்துப் பார்த்து ஆயில் விடுகிறது. பாலத்தில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு இறங்கினாலும் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும். கலந்து ஊற்றினால் பெட்ரோல் போகாத நேரத்தில் ஆயிலும் போகாது. பம்ப்பைச் சுத்தம் செய்து, கேபிளைக் குறி பார்த்துச் சரிசெய்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கில்தான் எனக்கும் பாய்க்கும் வாக்குவாதம். டிஸ்க் போடச் சொல்பவர்களின் பயம் நியாயமானது, இந்த வண்டிக்கு 'ரேபிட் டெத்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஆனால் முன்சக்கர டிரம்மில் இரண்டு ஷூவும் முன்னோக்கிப் பிடிக்கும் ட்வின் லீடிங் அமைப்பு இருக்கிறது. ஷூக்களை விரிக்கும் இரண்டு கேமையும் இணைக்கும் கம்பியின் நீளம் சரியாக இருந்தால்தான் இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும். பல வண்டிகளில் ஒன்று மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும், அதை வைத்துக்கொண்டு பிரேக் இல்லை என்பார்கள். டிரம்மை லேத்தில் வட்டம் பார்த்து, புது லைனிங் ஒட்டி, டிரம்மின் வளைவுக்குத் தேய்த்து, கம்பியைச் சரிசெய்தால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குத் தாராளம். மேட்டில் பின்னோக்கி உருளும்போது மட்டும் அந்த அமைப்பு பலவீனமாகப் பிடிக்கும், அதைத் தெரிந்து ஓட்ட வேண்டும்.

"டிஸ்க் போட்டா நிம்மதி சார்" என்கிறார் பாய். ஜப்பானிய ஆர்டியிலேயே டிஸ்க் இருந்தது என்பதால் அவர் பேச்சிலும் அர்த்தம் உண்டு. ஃபோர்க்கையும் ஹப்பையும் முழுசாகக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறொன்றை மாட்டுவது, வெட்டுவதில் சேராது. சட்டத்தின் கண்ணில் அதுவும் மாற்றம்தான். நான் டிரம்மோடு ஓட்டுகிறேன். அக்கா மகன் முதலில் டிரம்மைச் சரிசெய்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கட்டும், பயம் இருந்தால் அப்புறம் பேசலாம் என்று நிறுத்திக்கொண்டோம்.

ஆக, அவனுக்கு நான் சொன்னது: வெளியே அத்தான் வைத்திருந்தபடியே, பழைய சைலன்சரோடு. உள்ளே புது சீல், புது கிராங்க் செட், எலெக்ட்ரானிக் இக்னிஷன், இ20 தாங்கும் குழாய், திருத்திய ஜெட். ஆபீசுக்கு வேறு வண்டி. ரேஸ் ஆசை விடவில்லை என்றால் தனியாக ஒரு உடைந்த என்ஜினை வாங்கி அதில் இஷ்டத்துக்குக் குடையட்டும், இந்த நம்பர் அடித்த என்ஜினை விட்டுவிட வேண்டும்.

செலவு அதற்கு முன்பே பேப்பரில் ஆரம்பிக்கிறது. அத்தானின் ஆர்.சி. 2016-லேயே காலாவதி. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், படிவம் 31-ல் பெயர் மாற்றம், படிவம் 25-ல் பதிவுப் புதுப்பிப்பு, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், வண்டியை ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவது. அங்கே நிற்கும்போது பழைய சைலன்சர் இருப்பதன் அருமை தெரியும். 2000 மார்ச்சுக்கு முந்தைய இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். நல்ல டியூனில் இருக்கும் ஆர்டி அதற்குள் வந்துவிடும்.

போன வாரம் வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி ராயப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். பாய் ஹெட்டைத் திறந்து, சிலிண்டர்களைக் கழற்றித் துடைத்து, அளவு பார்த்தார். அக்கா மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். போர்ட் விளிம்பில் கிரைண்டர் தடம் எதுவும் இல்லை, வார்ப்பில் வந்தபடி இருந்தது.

"அறுபத்தி நாலு இருபத்தஞ்சு," என்றார் பாய். "உங்க அப்பா ஒரு தடவதான் போர் போட்டிருக்காரு, தம்பி. இன்னும் மூணு இருக்கு."